மதகுக்காரரைச் சாகவிடாத சாயங்காலம்

ஒரு பழைய கால்வாயின் ஓரத்தில், உதிர்ந்த இலைகளில் கணுக்கால் வரை புதைந்து, நான் பேயாக நின்றுகொண்டிருந்தேன்.

பேய் என்றால் நம் ஊர்ப் பேய் இல்லை. தலையில் நாடா வைத்துக் கட்டிய வெள்ளைக் குல்லாய், கழுத்திலிருந்து கால் வரை தொங்கும் வெள்ளை நைட்டி, தோளில் கறுப்புச் சால்வை. நைட்டிக்குள்ளே தெர்மல் உள்ளாடை, அதற்கு மேல் சிவப்பு ஸ்வெட்டர். காலில் பனிக்காக வாங்கிய பூட்ஸ். நம் ஊரில் பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். நியூ ஜெர்ஸி அக்டோபர் குளிரில் அதுதான் சௌகரியம் என்று அன்று தோன்றியது.

என் கையில் லாந்தர். பக்கத்தில் அதே மாதிரி குல்லாயோடு என் மகள் நித்யா. மூன்றாம் வகுப்பு படிக்கிற குட்டிப் பேய். முகத்தில் நான் அப்பிவிட்ட டால்கம் பவுடர்.

மரங்களுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் ஆடியாடி வந்தது. முதல் கூட்டம். நான் சொல்லவேண்டிய வசனம் ரொம்பக் கொஞ்சம். நாள்கணக்கில் மனப்பாடம் செய்தது. அதில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையைத் தாண்டி வருவேனா என்றது.

"என் கணவர் செத்துப்போய்விட்டார்" என்பதுதான் அந்த வாக்கியம். என் கணவர் அப்போது கார் நிறுத்துமிடத்தில் சூடான ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்தார்.

கடற்கொள்ளைக்காரனுக்குச் சுண்டல்

ஹாலோவீனுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவந்ததில்லை.

அமெரிக்கா வந்த முதல் வருடம். கொலு முடிந்து, பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் அபார்ட்மெண்ட் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஒரு சூனியக்காரி, ஒரு கடற்கொள்ளைக்காரன், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூசணிக்காய். எல்லோரும் என் இடுப்பு உயரம். எல்லோர் கையிலும் பை.

ஐப்பசி மாதத்தில் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என்ன அர்த்தம்? கோயம்புத்தூரில் கொலு பார்க்கக் கிருஷ்ணன் வேஷத்தில் வரும் பிள்ளைகளுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். சோபாவில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன்.

கடற்கொள்ளைக்காரன் பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எதையோ பாடினான். பூசணிக்காய்க்கு உட்கார வரவில்லை, சுவரோரமாக நின்றது. காகிதக் கப்பில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தேன். உள்ளே போன பிள்ளைகள் வெளியே வரவில்லையே என்று வராந்தாவில் நின்ற ஒரு அப்பா கதவை இடிக்க ஆரம்பித்துவிட்டார். சூனியக்காரிக்கு மட்டும் குங்குமம் வைத்து அனுப்பினேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் முடிந்தபாடில்லை. யாராவது விருந்தாளி வந்தால் மறுபடி ஆரம்பிப்பார்.

(இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும், அவர் பெயரை நான் எழுதுவதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். அவருக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால், பரவாயில்லை எழுது என்று ஒருநாளும் சொன்னதில்லை.)

டோரத்தியின் பேய்கள்

நித்யா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, கால்வாய் ஓடும் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனோம். ஒரு காலத்தில் அந்தக் கால்வாயில் நிலக்கரிப் படகுகள் போகுமாம். கரையில் கோவேறு கழுதைகள் நடந்து படகை இழுக்குமாம். ஊருக்கே அது பெரிய பெருமை. நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக் கோயில் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவோம். இங்கே கழுதை கட்டிய கொட்டகைக்கு வேலி போட்டு, தொடாதே என்று பலகை வைத்திருந்தார்கள்.

அந்த ஊரின் வரலாற்றுச் சங்கம் என்றால் அது டோரத்திதான். லைப்ரரியில் வேலை பார்த்து ரிடையரான அம்மாள். நித்யாவுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துப் பழக்கமானவர். வருடாவருடம் ஹாலோவீனை ஒட்டிய சனிக்கிழமை சாயங்காலம் கால்வாய்க் கரையில் ஒரு பேய் நடை ஏற்பாடு செய்வார். குடும்பம் குடும்பமாக டார்ச்சோடு நடப்பார்கள். மரத்துக்கு மரம் ஒரு பேய் நிற்கும். கொல்லன் பேய், டீச்சர் பேய், கழுதை ஓட்டிய பேய். தான் யார், எப்படி வாழ்ந்தேன், எப்படிச் செத்தேன் என்று ஒவ்வொன்றும் சொல்லும்.

பேய் கத்தக்கூடாது. ரத்தம் பூசிக்கொள்ளக்கூடாது. குழந்தை அழுதால் பேய் மன்னிப்புக் கேட்கவேண்டும். இவ்வளவு ஒழுக்கமான பேய்களை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் சொல்வது அத்தனையும் நடந்ததாக இருக்கவேண்டும். அதில் டோரத்தி படு கண்டிப்பு. ஒரு வருடம் கொல்லன் பேய் சுவாரசியத்துக்காகத் தன்னைக் குதிரை உதைத்துக் கொன்றதாக அளந்துவிட்டது. நிஜத்தில் அந்த மனிதர் நிமோனியாவில் போனவர். மறுவருடம் கொல்லனுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

பேயாக நிற்கிறவர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள். நித்யா ஒவ்வொரு வருடமும் கூட்டத்தோடு நடந்து, தன் வகுப்புப் பிள்ளைகள் பேயாக நிற்பதை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். நாம் எப்போது பேய் ஆவோம் என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் டோரத்தி ஒரு ஆப்பிள் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வால்டருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றார். வால்டர் அவர் கணவர். நான் பார்த்ததில்லை. கேக்கை மேஜையில் வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மதகுக்காரர் மனைவி ஹன்னாவாக வழக்கமாக அவரே நிற்பாராம். இந்த வருடம் முட்டி வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால் ஹன்னா நான், ஹன்னாவின் மகள் நித்யா.

நித்யா அங்கேயே குதிக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அப்பா இனிமேல் வரமாட்டார்

ஹன்னாவின் கதை இதுதான். படகு வரும்போது மதகுக் கதவைத் திறந்து, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அந்தப் பக்கம் அனுப்புவது அவள் புருஷன் ஜேக்கப்பின் வேலை. ஒரு மழை ராத்திரி படகுக்காரர்கள் கொம்பு ஊதினார்கள். ஜேக்கப் எழுந்து போனார். கால் வழுக்கிக் கால்வாயில் விழுந்தார். ஹன்னா அதன்பின் உயிரோடு இருந்தவரை ஜன்னலில் விளக்கு ஏற்றிவைத்தாள்.

"நான் ஹன்னா. என் கணவர் செத்துப்போய்விட்டார். கால்வாய் அவரைக் கொண்டுபோய்விட்டது." இது என் வசனம். அதன் பிறகு நித்யா, "அப்பா இனிமேல் வரவே மாட்டார்" என்று சொல்லிவிட்டு லாந்தரை ஊதி அணைக்கவேண்டும்.

கழுத்தில் தாலியோடு வெள்ளை உடுத்திக்கொண்டு, ஊரார் முன்னால் வாய்விட்டு இதைச் சொல்வதா? பெற்ற பெண்ணை விட்டு விளக்கை வேறு ஊதச் சொல்வதா? பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தியை ஊதும்போதே வேறு பக்கம் பார்க்கிறவள் நான். சாமி விளக்கைப் பூவால்தான் குளிரவைப்பேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ சொல்றதால நான் போயிடுவேனா? கொஞ்சம் லாஜிக்கா யோசி. செத்தது ஜேக்கப். நான் என்ன ஜேக்கப்பா?"

லாஜிக் சரிதான்.

அவர் அப்போது கன்சல்டன்ட். திங்கட்கிழமை காலை ஒஹையோவுக்குப் பறப்பார், வெள்ளிக்கிழமை திரும்புவார். அடுத்த திங்கள் காலை பெட்டி வாசலில் தயாராக இருந்தது. டாக்ஸி வந்துவிட்டது. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார். அதே நேரம் மாடியில் பல் தேய்த்துக்கொண்டே ஒத்திகை பார்த்த நித்யா, நல்ல ஏற்ற இறக்கத்தோடு, வீடு முழுக்கக் கேட்கும்படி, அப்பா இனிமேல் வரவே மாட்டார் என்று இங்கிலீஷில் முழங்கினாள்.

அவர் வாசல்படியில் அப்படியே நின்றார். பிறகு ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுபடி எழுந்து, ஷூ போட்டுக்கொண்டு, மறுபடி "போயிட்டு வரேன்" என்றார். தாகமாக இருந்தது என்று அவராகவே சொன்னார்.

எடிசன் என்ற ஊரில் இருக்கும் என் சிநேகிதி கலாவுக்கு போன் பண்ணினேன். சொல்லும்போது ஒரு கையால் தாலியைப் பிடித்துக்கொள், இது ஹன்னா சொல்வது, நான் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள் என்றாள். அதுவும் முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றாள்.

வேண்டாம் என்பதுதான் எனக்கும் பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் மெதுவாக நித்யாவிடம் பேச்சை எடுத்தேன்.

"அம்மா, யூ ப்ராமிஸ்ட். ஐ டோல்ட் எவ்ரிபடி."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. தன் குல்லாயை எடுத்துவந்து, நாடாவை நீவி மடித்து, டோரத்தியிடம் திருப்பிக் கொடுப்பதற்குத் தயாராக மேஜையில் வைத்தாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குடை

பேய் நடை நடக்கவிருந்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்காரர் குளிக்கவில்லை. ஜலதோஷம் பிடிக்கும்போல் இருக்கிறது என்றார். சாயங்காலம் சைடர் மேஜையைத் தான் பார்த்துக்கொள்வதாக டோரத்தியிடம் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். சைடர் மேஜை இருந்தது கார் நிறுத்துமிடத்தின் கோடியில். கால்வாயிலிருந்து அதைவிடத் தூரமான இடம் அங்கே வேறு கிடையாது.

குங்குமத்தைக் குல்லாய்க்குள் மறைத்துக்கொண்டு நான் மரத்தடிக்குப் போனேன்.

முதல் கூட்டம் வந்து நின்றது. கை தாலியைப் பிடித்திருந்தது. "நான் ஹன்னா" என்றேன். "என் கணவர்" என்றேன். அதோடு சரி. எல்லா டார்ச்சும் என் முகத்தில். நித்யா நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.

என் கணவர் வெளியே போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நித்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பவுடரே தேவையில்லை.

எங்கே போயிருக்கிறார் என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். படகு வந்தது, கொம்பு ஊதினார்கள், போனார் என்றேன். இந்த மழையிலா என்றாள் அவள், கதைக்குள் இறங்கி. அவ்வளவுதான், எனக்குப் பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், கேட்டால்தானே. என்றைக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறார்? சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. வந்தவுடன் ஈர பூட்ஸோடு நான் துடைத்த தரையில்தான் நடப்பார். இப்படி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன். அதில் பாதி ஜேக்கப்புக்கு. மீதி, வாழ்நாளில் குடை எடுத்துப்போகாத இன்னொரு மனிதருக்கு.

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆண்கள் கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள்.

இப்போது நித்யாவின் முறை. அவள் வசனத்துக்கு இனி இடமில்லை. உதட்டைக் கடித்தாள். பிறகு என் கையிலிருந்த லாந்தரை வாங்கி உயர்த்திப் பிடித்து, "ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்" என்றாள். விளக்கை ஊதவில்லை. மறந்துவிட்டாளா, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டம் நகர்ந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. டோரத்தி காதுக்குப் போனால் கொல்லனுக்கு நடந்ததுதான் நமக்கும், அடுத்த வருடம் நம்மைக் கூப்பிடமாட்டார்கள் என்றாள். எனக்கும் அது தெரிந்தே இருந்தது. அடுத்த கூட்டத்துக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

சொல்லவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் சொல்லவில்லை. ஜேக்கப்புக்குப் பிடித்த சாப்பாடு என்ன, அவர் எப்படிக் குறட்டை விடுவார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த ஊரின் வரலாற்றில் இல்லாத அத்தனையும் அன்று சொல்லியாகிவிட்டது.

கடைசிக் கூட்டம்

நன்றாக இருட்டிவிட்டபோது கடைசிக் கூட்டம் வந்தது. அதில் டோரத்தி இருந்தார். ஹன்னா இருக்கும் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறதே என்று பார்க்க வந்திருக்கிறார். சைடர் தீர்ந்துபோனதால் எங்கள் வீட்டுக்காரரையும் கையோடு இழுத்து வந்திருந்தார். அவர் தண்ணீர் இல்லாத பக்கமாக, மரத்தை ஒட்டி ஒட்டி வந்தார்.

"அம்மா, ப்ளீஸ். சே இட் ரைட்" என்றாள் நித்யா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இந்தக் குழந்தைக்காக ஒரே ஒரு தடவை. வெறும் வார்த்தைதானே. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஹன்னா. என் கணவர்" என்று சொல்லி நிமிர்ந்தேன். பின்னால் வந்த ஒரு குழந்தைக்கு இடம் விடுவதற்காக எங்கள் வீட்டுக்காரர் நகர்ந்து நகர்ந்து, கரையின் விளிம்பில், ஈர இலைகள் மேல் நின்றுகொண்டிருந்தார். பின்னால் கால்வாய்.

"வெளியே போயிருக்கிறார். வந்துவிடுவார்" என்றேன் இங்கிலீஷில். அதே மூச்சில் தமிழில், "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் அங்கே ஒருவருக்குத்தான் புரிந்தது. அவர் மறுபேச்சுப் பேசாமல் தள்ளி நின்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டோரத்தி சிரிக்கவில்லை. கூட்டம் டோனட் சாப்பிடப் போனது. அவர் மட்டும் போகவில்லை. நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானே ஆரம்பித்தேன். ஜேக்கப் செத்துப்போனது எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி வாயால் அதைச் சொல்லமாட்டோம், நித்யாவின் மேல் தப்பில்லை என்று ஏதேதோ சொன்னேன். டோரத்தி போதும் என்று கையைக் காட்டினார்.

அவர் முட்டியில் ஒன்றுமே இல்லையாம். அந்த வருடம் ஏப்ரலில் வால்டர் இறந்துவிட்டாராம். எத்தனையோ வருடம் இதே மரத்தடியில் நின்று, ஜேக்கப் செத்ததைச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். வாய் வரவில்லை. வேறு யாராவது சொல்லட்டும் என்றுதான் ஆப்பிள் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார்.

இந்தப் பயம் நம் ஊரிலிருந்து நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது என்று நினைத்திருந்தேன். இந்த அம்மாளும் அதையேதான் முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நிலைமையைச் சரிசெய்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, நித்யா லாந்தரின் கதவைத் திறந்து, ஊதுவதற்குக் கன்னத்தை உப்பினாள். டோரத்தி குனிந்து அந்தக் கதவை மூடினார்.

"இருக்கட்டும்" என்றார் இங்கிலீஷில். லாந்தரை வாங்கிக்கொண்டு, கார் வரைக்கும் அது எரிய எரியவே எடுத்துப் போனார்.

மறு வருடம்

மறு வருடம் எங்களை யாரும் விலக்கவில்லை. டோரத்தி தன் முட்டி சரியாகிவிட்டது, ஹன்னாவாகத் தானே நிற்கிறேன் என்றார். நித்யாதான் மகள். எனக்கு டீச்சர் பேய் கொடுத்தார். அந்த டீச்சருக்குக் கல்யாணமே ஆகவில்லை. செத்தது அவள் மட்டும்தான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பாடம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்காரரோடு கடைசிக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். தூறல் ஆரம்பித்திருந்தது. மரத்தடியில் வெள்ளைக் குல்லாயோடு டோரத்தி நின்றார். பக்கத்தில் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்ட என் பெண், கையில் லாந்தரோடு.

நிமோனியாவைக் குதிரையாக்கியதற்கு ஒரு கொல்லனையே வெளியே அனுப்பிய அந்த அம்மாள் எங்களைப் பார்த்தார். "நான் ஹன்னா" என்றார். "என் கணவர் வெளியே போயிருக்கிறார்."

மழை இலைகளில் விழும் சத்தம் கேட்டது.

"குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்" என்றாள் நித்யா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "நான் எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். நிஜமாகவே கொண்டுவந்திருந்தார். அதை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார்.